நிரம்பிய கவுண்ட்டரும் சத்தமில்லாமல் கெடும் கோப்பும்

ஹார்டு டிஸ்க் என்பது வரிசையாக எண்ணிடப்பட்ட கட்டங்களின் நீண்ட தொடர் மட்டுமே. கோப்பு முறைமைகள் பெரும்பாலும் ஒரு கட்டத்துக்கு 4096 பைட் என்று கணக்கு வைத்துக்கொள்கின்றன. கல்யாண ஆல்பம் என்ற ஃபோல்டரோ, அதற்குள் இருக்கும் படங்களின் பெயர்களோ, அவை எடுக்கப்பட்ட தேதியோ டிஸ்குக்குத் தெரியாது. எந்தக் கட்டம் எந்தக் கோப்புக்கு உரியது, எவை காலியாக இருக்கின்றன, ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் உள்ளன, அது கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பவற்றை எல்லாம் குறித்துவைத்து, அந்தக் குறிப்பை நம்பியே ஒவ்வொரு வேலையையும் செய்வது கோப்பு முறைமை. விண்டோசில் என்டிஎஃப்எஸ், பென்டிரைவில் ஃபேட்32, லினக்சில் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்று அதில் பல வகைகள் உண்டு.

அந்தக் குறிப்பு இரண்டு வழிகளில் பொய்யாகலாம். ஒன்று, குறிப்பில் உள்ள ஓர் எண்ணிக்கை தன் கொள்ளளவைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு தவறான எண்ணாக மாறுவது. இதைக் கவுண்ட்டர் ஓவர்ஃப்ளோ என்பார்கள். மற்றொன்று, எழுதியது ஒன்றாக இருக்க, டிஸ்கிலிருந்து திரும்பி வருவது வேறொன்றாக இருப்பது. இரண்டிலும் பொதுவானது, அந்த நேரத்தில் திரையில் எந்தச் செய்தியும் வராது என்பதுதான். கணினி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். பாழானது பல மாதங்களுக்குப் பிறகே தெரியவரும். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் கணினியியல் படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களையும், பிறருடைய படங்களையும் ஆவணங்களையும் பாதுகாக்கும் பொறுப்பில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்து, இந்த இரண்டும் எப்படி நேர்கின்றன, எப்படித் தடுக்கப்படுகின்றன என்பதை இங்கே விளக்குகிறேன்.

கவுண்ட்டருக்கு ஏன் எல்லை உண்டு

நம் வீடுகளில் முன்பு இருந்த சக்கர மின்மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இலக்கம் காட்டும் மீட்டர் 99,999 வரை எண்ணும். அதற்கு அடுத்த யூனிட் ஓடியதும் 00,000 என்று நிற்கும். மீட்டர் பழுதாகவில்லை, ஆறாவது இலக்கத்துக்கு அதில் இடமில்லை, அவ்வளவே. கணினியில் உள்ள கவுண்ட்டரும் இப்படித்தான். அதற்கு ஒதுக்கிய இடம் 8 பிட் என்றால் 255 வரையும், 16 பிட் என்றால் 65,535 வரையும், 32 பிட் என்றால் ஏறத்தாழ 429 கோடி வரையும் எண்ணலாம். கழித்தல் குறிக்கும் இடம் வைக்கும் 32 பிட் எண்ணாக இருந்தால் உச்சம் பாதியாகக் குறைந்து 214 கோடி சொச்சத்தில் நின்றுவிடும்.

மேல்பக்கம் சுற்றுவதைப் போலவே கீழ்ப்பக்கமும் சுற்றும் என்பதைத் தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. கழித்தல் குறி இல்லாத 32 பிட் கவுண்ட்டரில் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் கழித்தல் ஒன்று வராது, 429 கோடி வரும். காலிக் கட்டங்களின் எண்ணிக்கையில் இப்படி நேர்ந்தால், நிரம்பிய டிஸ்க் ஏராளமாக இடம் இருப்பதாகச் சொல்லும். அதை நம்பி எழுதத் தொடங்கும் நிரல் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பெயர் கூடினால் என்ன ஆகிறது

ஓவர்ஃப்ளோ எப்படிக் கோப்பைக் கெடுக்கிறது என்பதை ஒரு எடுத்துக்காட்டில் நெருங்கிப் பார்ப்போம். லினக்ஸ் கோப்பு முறைமைகளில் ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். கோப்பின் உள்ளடக்கம் டிஸ்கில் ஒரே இடத்தில் இருக்கும். வெவ்வேறு ஃபோல்டர்களில் உள்ள பெயர்கள் எல்லாம் அந்த ஒன்றையே சுட்டும். எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கை, ஐநோடு எனப்படும் அந்தக் கோப்பின் குறிப்பேட்டில் இருக்கும். ஒரு பெயரை அழித்தால் எண்ணிக்கை ஒன்று குறையும். அது பூஜ்ஜியமாகி, கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கவும் இல்லை என்றால், இனி இது யாருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்து அந்தக் கட்டங்களைக் கோப்பு முறைமை விடுவித்துவிடும்.

மார்த்தாண்டத்தில் ஒரு புகைப்பட ஸ்டுடியோ பல ஆண்டுகளின் ஆல்பங்களை ஒரே சர்வரில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஸ்டுடியோவின் முத்திரைப் படம் ஒவ்வொரு ஆல்பத்திலும் இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒரே மாதிரியான கோப்புகளைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெறும் பெயர்களாக மாற்றும் கருவி ஒன்றை ஓட்டுகிறார்கள். அந்த முத்திரைப் படத்தின் பெயர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறத் தொடங்குகிறது. எண்ணிக்கைக்கு ஒதுக்கியது 16 பிட் என்றும், எல்லையைச் சோதிக்கும் வரியை நிரலில் எழுத மறந்துவிட்டார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 65,535க்குப் பிறகு ஒரு பெயர் சேர்ந்தால் எண்ணிக்கை பூஜ்ஜியமாகும்; இன்னும் ஒன்று சேர்ந்தால் ஒன்று ஆகும். அப்போது யாரோ ஓர் ஆல்பத்தை அழிக்கிறார். ஒன்று பூஜ்ஜியமாகிறது. இன்னும் அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சுட்டிக்கொண்டிருக்கும் கட்டங்கள் காலி என்று அறிவிக்கப்படுகின்றன. மறுநாள் எடுத்த திருமணப் படம் ஒன்று அதே கட்டங்களில் எழுதப்படுகிறது. இப்போது பழைய ஆல்பத்தில் முத்திரைப் படத்தைத் திறந்தால் புதிய படத்தின் துண்டு வருகிறது. பழைய பெயர் வழியாக முத்திரையைத் திருத்திச் சேமித்தால் புதிய திருமணப் படம் பாழாகிறது. இத்தனையிலும் டிஸ்க் ஒரு தவறும் செய்யவில்லை, மின்சாரம் போகவில்லை, வைரஸ் வரவில்லை. ஓர் எண் சுற்றியது மட்டுமே காரணம்.

இது கற்பனைக் கணக்கு மட்டும் அன்று. 2016 ஜனவரியில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வெளிப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறை இதே வடிவம் கொண்டது. கடவுச் சாவிகளை வைத்திருக்கும் பகுதியில், ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் 32 பிட் கவுண்ட்டர், ஒரு குறிப்பிட்ட சூழலில் கூடியது குறையாமல் நின்றது. அந்தச் சூழலை வேண்டுமென்றே 429 கோடி முறை திரும்பத் திரும்ப உண்டாக்கினால் கவுண்ட்டர் சுற்றிப் பூஜ்ஜியத்துக்கு வரும். பயன்பாட்டில் இருக்கும் பொருளைக் கெர்னல் விடுவித்துவிடும். அந்த இடத்தைத் தாக்குபவர் தன் தரவால் நிரப்பிக் கணினி முழுவதையும் கைப்பற்றலாம். 429 கோடி என்பது மனிதருக்குப் பெரிய எண். கணினிக்கு அது சற்று நேர வேலை.

பெருக்கலில் இன்னொரு பொறி இருக்கிறது. கட்ட எண்ணை 4096ஆல் பெருக்கினால் டிஸ்கில் அந்தக் கட்டம் தொடங்கும் பைட் கிடைக்கும். இரண்டு எண்களும் 32 பிட் என்றால் விடையும் 32 பிட்டிலேயே கணக்கிடப்படும். 10,48,576ஆவது கட்டத்துக்கு விடை, சரியாக, பூஜ்ஜியம். நாலு ஜிபிக்கு அப்பால் எழுத வேண்டியது டிஸ்கின் தலைப்பகுதியில் போய் எழுதப்படும். எக்ஸ்ட்4 தன்னைப் பற்றிய முதன்மைக் குறிப்பை டிஸ்கின் 1024ஆவது பைட்டிலிருந்துதான் வைத்திருக்கிறது. எனவே, சிறிய டிஸ்கில் எல்லாச் சோதனையிலும் தேறிய நிரல், பெரிய டிஸ்கில் போட்டதும் கோப்பு முறைமையையே அழிக்கும். விடையை 64 பிட்டில் வாங்கிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, பெருக்குவதற்கு முன்பே ஓர் எண்ணையாவது 64 பிட்டாக மாற்றியிருக்க வேண்டும்.

நிறுத்துவதா, தேக்குவதா, அகலப்படுத்துவதா

மிக எளிய தடுப்பு, எல்லை வந்ததும் மறுத்துவிடுவது. எக்ஸ்ட்4 ஒரு கோப்புக்கு 65,000 பெயர்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதற்கு முந்தைய எக்ஸ்ட்3இல் 32,000 எல்லை. தாண்ட முயன்றால் இணைப்புகள் அதிகமாகிவிட்டன என்ற பிழையைத் திருப்பித் தரும். பயனருக்கு அது எரிச்சலாக இருக்கலாம், ஆனால் எந்தப் படமும் கெடாது. ஃபேட்32இல் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்தான் உண்டு என்பதால் ஒரு கோப்பு நாலு ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகவே இருக்க முடியும். நீண்ட திருமண வீடியோவைச் சில கேமராக்கள் நாலு ஜிபித் துண்டுகளாக வெட்டிவைப்பதும், பெரிய கோப்பைப் பென்டிரைவ் ஏற்க மறுப்பதும் இந்த எல்லையால்தான்.

மறுக்கும் சோதனையை எழுதும் முறையில் கவனம் வேண்டும். முதலில் கூட்டிவிட்டு, பிறகு விடை சிறிதாகிவிட்டதா என்று பார்ப்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். சி மொழியில் கழித்தல் குறி உள்ள எண்களுக்கு இது ஆபத்தானது. அந்த எண்களில் ஓவர்ஃப்ளோ நேரவே நேராது என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எடுத்துக்கொள்ள மொழியின் விதி இடம் தருகிறது. நேராத ஒன்றுக்குச் சோதனை எதற்கு என்று அந்த வரியையே அது நீக்கிவிடலாம். உச்ச எண்ணிலிருந்து கூட்ட வேண்டியதைக் கழித்து, இப்போதைய மதிப்பு அதைவிடப் பெரியதா என்று கூட்டுவதற்கு முன்பே கேட்பதுதான் சரி. இதையே செய்து தரும் செயற்கூறுகள் ஜிசிசி கம்பைலரிலும் லினக்ஸ் கெர்னலிலும் ஆயத்தமாக உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவது, நாமே ஒவ்வொரு இடத்திலும் எழுதுவதைவிட நல்லது.

மறுக்க வழியில்லாத இடங்களும் உண்டு. அங்கே இரண்டாவது முறை கைகொடுக்கும்: உச்சத்தைத் தொட்ட கவுண்ட்டரை அங்கேயே தேக்கிவிடுவது. 2017இல் வந்த லினக்ஸ் 4.11 முதல், பயன்பாட்டை எண்ணுவதற்கென்று தனியே ஒரு கவுண்ட்டர் வகை கெர்னலில் இருக்கிறது. அது எல்லையைத் தாண்டினால் சுற்றாது. ஒரு பெரிய எண்ணில் உறைந்து, எச்சரிக்கையைப் பதிவு செய்யும். பிறகு குறையவும் குறையாது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் கட்டங்களை எண்ணும் கவுண்ட்டரும் உச்சத்தை அடைந்தால் அப்படியே நின்றுவிடும். விளைவு என்ன? அந்த இடம் ஒருபோதும் விடுவிக்கப்படாது. கொஞ்சம் இடம் வீணாகும். வீணாகும் இடத்தையும் பிறர் தரவில் கலக்கும் தரவையும் தராசில் வைத்தால், முன்னதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இதில் எக்ஸ்ட்4 செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஃபோல்டருக்குள் உள்ள ஒவ்வொரு துணை ஃபோல்டரும் தாய் ஃபோல்டரைச் சுட்டும் என்பதால், அதன் எண்ணிக்கையும் துணை ஃபோல்டர்களோடு கூடவே ஏறும். அது 65,000ஐ எட்டும்போது எக்ஸ்ட்4 மறுப்பதில்லை, சுற்றவும் விடுவதில்லை. எண்ணிக்கையை ஒன்று என்று எழுதிவிடுகிறது. துணை ஃபோல்டர் இல்லாத ஃபோல்டருக்குக்கூட எண்ணிக்கை இரண்டாக இருக்கும் என்பதால், ஒன்று என்பது ஃபோல்டருக்கு நேர வாய்ப்பில்லாத மதிப்பு. எனவே அதைப் பார்க்கும் எந்த நிரலும், இங்கே எண்ணுவதை நிறுத்திவிட்டோம் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளலாம். தவறான எண்ணைச் சொல்வதைவிட எண்ணவில்லை என்று சொல்வது எவ்வளவு நேர்மையானது!

மூன்றாவது முறை அகலப்படுத்துவது. 64 பிட் கவுண்ட்டரை நொடிக்கு நூறு கோடி முறை கூட்டினாலும் அது சுற்றுவதற்கு 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்படியானால் எல்லாவற்றையும் 64 பிட் ஆக்கிவிட வேண்டியதுதானே என்ற கேள்வி எழும். நினைவகத்தில் இருக்கும் எண்ணை அகலப்படுத்துவது எளிது; டிஸ்கில் எழுதப்பட்டுவிட்ட குறிப்பின் வடிவத்தை மாற்றுவது எளிதன்று. கோடிக்கணக்கான ஐநோடுகளில் ஒவ்வொன்றிலும் இடம் ஒதுக்கியாக வேண்டும், பழைய டிஸ்குகளைப் புதிய நிரல் படிக்க வேண்டும், புதிய வடிவத்தைப் பழைய நிரல் தவறாகப் புரிந்துகொள்ளாமலும் இருக்க வேண்டும்.

நேரக் குறிப்பில் இதை நேரடியாகக் காணலாம். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை 32 பிட்டில், கழித்தல் குறியோடு எண்ணும் வழக்கம் பல கோப்பு முறைமைகளில் இருந்தது. அந்தக் கவுண்ட்டர் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு உச்சத்தைத் தொடும். அடுத்த நொடியில் அது காட்டும் தேதி 1901 டிசம்பர் 14, அதிகாலை. நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம். எக்ஸ்ட்4, 256 பைட் ஐநோடுகளில் கூடுதலாக இரண்டு பிட்களை ஒதுக்கி இந்த எல்லையை 2446 வரை தள்ளிவைத்தது. ஆனால் 128 பைட் ஐநோடுகளோடு வடிவமைக்கப்பட்ட டிஸ்கில் அந்த இரண்டு பிட்களுக்கு இடமே கிடையாது. எக்ஸ்எஃப்எஸ்ஸும் பின்னர் வந்த ஒரு வசதியால் 2486 வரை செல்லும். அந்த வசதி இயக்கப்பட்டிருந்தால் மட்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் உள்ளவை போன்ற காற்றாலைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடுவதற்கென்று நிறுவப்படுபவை. அப்படி ஓர் இயந்திரத்தோடு பொருத்தப்படும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி 2038ஐப் பார்க்கத்தான் போகிறது. அதன் கோப்பு முறைமை எந்த வடிவத்தில் அமைக்கப்பட்டது என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்வது அதைப் பராமரிப்பவர்களின் கடமை.

சுற்றினாலும் கெடாத கவுண்ட்டர்

கவுண்ட்டர் சுற்றுவதே தவறு என்று இதுவரை சொன்னதிலிருந்து தோன்றலாம். அப்படி இல்லை, சுற்றும் என்று தெரிந்தே வடிவமைக்கலாம். மீட்டர் ரீடிங் எடுப்பவர் சென்ற முறை 99,950 என்றும் இந்த முறை 00,030 என்றும் குறித்திருந்தால், 80 யூனிட் என்று கணக்கிடுவதில் சிரமமில்லை. இடையில் மீட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால் போதும்.

லினக்ஸில் எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்குக்கு முன்னால் வேகத் தேக்கமாக வைக்கும் பிகேஷ் என்ற பகுதி இதைச் செய்கிறது. எஸ்எஸ்டியைப் பெரிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் 8 பிட் தலைமுறை எண் ஒன்றைக் கொடுக்கிறது. ஒரு துண்டைச் சுட்டும் ஒவ்வொரு குறிப்பிலும், அது எழுதப்பட்டபோது இருந்த தலைமுறை எண் சேர்ந்திருக்கும். துண்டை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால் அதைச் சுட்டும் குறிப்புகளை எல்லாம் தேடி அழிக்க வேண்டியதில்லை. தலைமுறை எண்ணை ஒன்று கூட்டினால் பழைய குறிப்புகள் அனைத்தும் செல்லாதவையாகிவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் 8 பிட் என்பது 256 தலைமுறைகள்தான். எங்கோ அழிக்கப்படாமல் தங்கிவிட்ட மிகப் பழைய குறிப்பு ஒன்று, எண் முழுதாகச் சுற்றி அதே இடத்துக்கு வந்ததும், மறுபடி செல்லுபடியாகிவிடக்கூடும். அப்போது வேறொருவரின் தரவு சரியான தரவுபோலக் கிடைக்கும். இதைத் தடுக்க, இப்போதைய தலைமுறைக்கும் இன்னும் உயிரோடு இருக்கும் மிகப் பழைய குறிப்பின் தலைமுறைக்கும் உள்ள இடைவெளியை பிகேஷ் கண்காணிக்கிறது. அந்த இடைவெளி 96ஐத் தொட்டால், குப்பைக் குறிப்புகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை முடியும்வரை அந்தத் துண்டை மறுபயன்பாட்டுக்கு விடாது. சுற்றுவதை அனுமதித்து, ஒரு முழுச் சுற்றை மட்டும் தடுக்கும் வழி இது.

இடைவெளியைக் கவனிக்காத கருவிகளுக்கு நேர்வதைக் கடலில் போகிறவர்கள் அறிவார்கள். குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் போகும் விசைப்படகுகளில் உள்ள ஜிபிஎஸ், வாரத்தை 10 பிட்டில் பெறுகிறது. 1024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்ஜியமாகும். 2019 ஏப்ரலில் அப்படி ஆனபோது, இது எத்தனையாவது சுற்று என்று கணக்கிடத் தெரியாத பழைய கருவிகளில் தேதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னால் போகும் நிலை இருந்தது. அடுத்த சுற்று 2038 நவம்பரில் வருகிறது.

கீழே இருந்து வரும் பொய்

இதுவரை பார்த்தது கோப்பு முறைமை தானே செய்துகொள்ளும் தவறு. இனி டிஸ்க் செய்யும் தவறு. மாறிப்போன ஒரு பிட்டை டிஸ்கே தன் உள் திருத்தக் குறியீட்டால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். முடியாதபோது படிக்க இயலவில்லை என்று சொல்லும். அது சத்தமுள்ள பழுது, கையாளலாம். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் விடுவதும், பத்தாம் கட்டத்தில் எழுத வேண்டியதைப் பதினோராம் கட்டத்தில் எழுதுவதும்தான் கொடியவை. அப்போது அந்தக் கட்டத்தில் இருப்பது தன்னளவில் ஒழுங்கான தரவு. உள் திருத்தக் குறியீடும் பொருந்தும். ஆனால் அது பழையது, அல்லது வேறொருவருடையது. இது எவ்வளவு அரிது என்று கேட்டால், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லட்சுமி பைரவசுந்தரமும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். 15.3 லட்சம் டிஸ்குகளை 41 மாதங்கள் கவனித்ததில், செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண் பொருந்தாத நிகழ்வுகள் நான்கு லட்சத்துக்கு மேல் பதிவாகியிருந்தன. விலை குறைந்த சாட்டா டிஸ்குகளில் இது விலை உயர்ந்தவற்றைவிடப் பல மடங்கு அதிகம்.

செக்சம் என்பது ஒரு கட்டத்தில் உள்ள எல்லா பைட்களையும் ஒரு கணக்கில் போட்டு எடுக்கும் சிறிய எண். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறும். எழுதும்போது கணக்கிட்டு வைத்துக்கொண்டு, படிக்கும்போது மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால் மாற்றம் தெரிந்துவிடும். 32 பிட் செக்சம் என்றால், கண்டபடி கெட்ட ஒரு கட்டம் தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று.

அந்த எண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. தரவோடு அதே கட்டத்தில் வைத்தால், எழுதாமல் விடப்பட்ட கட்டத்தில் பழைய தரவும் பழைய செக்சமும் சேர்ந்தே இருக்கும்; இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்; தவறு தெரியாது. இசட்எஃப்எஸ் செக்சத்தைத் தரவுக் கட்டத்தில் வைப்பதில்லை, அந்தக் கட்டத்தைச் சுட்டும் தாய்க் கட்டத்தில் வைக்கிறது. தாயின் செக்சம் அதற்கும் மேலே உள்ள கட்டத்தில். இப்படி உச்சிவரை போகும் சங்கிலியில், பழைய தரவு வந்து நின்றால் தாயிடம் உள்ள புதிய செக்சத்தோடு பொருந்தாது. பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு குறிப்புக் கட்டத்திலும் அது எழுதப்பட்ட பரிவர்த்தனை எண்ணைப் பதித்து, தாயும் அதே எண்ணைத்தான் எதிர்பார்க்கிறதா என்று ஒப்பிடுகிறது. கவனியுங்கள், அந்தப் பரிவர்த்தனை எண்ணும் ஒரு கவுண்ட்டர்தான். அது 64 பிட் என்பதால்தான் இந்த ஒப்பீட்டை நம்ப முடிகிறது.

எக்ஸ்ட்4 பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 2012 முதல் அதற்குச் செக்சம் வசதி உண்டு என்பது உண்மை. ஆனால் அது தன் குறிப்புகளுக்கு மட்டுமே, கோப்பின் உள்ளடக்கத்துக்கு இல்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸும் அப்படித்தான். ஒரு குடும்பத்தின் திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆதாரங்களை (சொத்துப் பத்திரங்களை) ஸ்கேன் செய்து எக்ஸ்ட்4 டிஸ்கில் வைத்திருந்தால், படத்தின் பாதிக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாக மாறிப்போனாலும் கோப்பு முறைமை ஒன்றும் சொல்லாது. கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாகவே இருக்கும். பேக்கப் நிரலும் அந்தக் கெட்ட படத்தையே பத்திரமாக நகல் எடுக்கும்.

தவறைக் கண்டுபிடிப்பது ஒன்று, சரிசெய்வது வேறு. இரண்டு டிஸ்குகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு அமைப்பு மட்டும் இருந்தால், இரண்டு நகல்களும் வேறுபடும்போது எது மெய் என்று அதற்குத் தெரியாது. செக்சமும் இரண்டு நகல்களும் சேர்ந்திருந்தால்தான் பொருந்தும் நகலைக் கொண்டு கெட்டதைத் திருத்த முடியும். இசட்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் இதைத் தாமாகவே செய்கின்றன. ஒரே டிஸ்கில் ஒரே நகலாக வைத்திருந்தால் அவற்றாலும் கெட்டது என்று சொல்ல முடியுமே தவிர மீட்க முடியாது.

செக்சம் காக்காத இடம்

இந்த இடத்தில்தான் இரண்டு தலைப்புகளும் ஒன்றுசேர்கின்றன. செக்சம் பார்ப்பது எழுதியதும் படித்ததும் ஒன்றா என்பதை மட்டுமே. எழுதியது சரியா என்பதை அன்று. ஓவர்ஃப்ளோ ஆகி ஒன்று என்று மாறிய பெயர் எண்ணிக்கையைக் கோப்பு முறைமை எழுதும்போது, அந்தத் தவறான ஒன்றுக்கும் பிழையற்ற செக்சம் போடப்படும். மெமரியில் பிட் மாறிய பிறகு கணக்கிட்ட செக்சமும் இதே கதிதான். பொய்க்கு முத்திரை குத்தி உள்ளே வைப்பது போன்ற நிலை அது. ஆகவே செக்சம் உள்ள கோப்பு முறைமை என்றதும் ஓவர்ஃப்ளோவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைப்பது பெரும் பிழை.

அதற்கு மருந்து, பொருள் பொருந்துகிறதா என்று பார்ப்பது. எக்ஸ்எஃப்எஸ் குறிப்புக் கட்டங்களைப் படிக்கும்போது மட்டுமல்லாமல் எழுதுவதற்கு முன்பும், எண்கள் இருக்க வேண்டிய வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதிக்கிறது; பொருந்தாவிட்டால் எழுத மறுத்துக் கோப்பு முறைமையையே நிறுத்திவிடுகிறது. பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் அப்படி ஒரு சோதனை இருக்கிறது. மெமரி கெட்டதால் மாறிய பிட்களைக்கூட அது டிஸ்குக்குப் போகும் முன் பிடித்திருக்கிறது. டிஸ்கைப் பரிசோதிக்கும் எஃப்எஸ்சிகே கருவி, எண்ணிக்கையை நம்பாமல் எல்லா ஃபோல்டர்களிலும் உள்ள பெயர்களைத் தானே எண்ணிப் பார்த்து ஒப்பிடுகிறது. சர்வருக்குப் பிழை திருத்தும் இசிசி மெமரி வாங்குவதன் காரணமும் இதுவே.

இந்தச் சோதனைகள் எவற்றின் கைக்கும் எட்டாத கவுண்ட்டர்களும் உண்டு என்பதை 2019 நவம்பர் உணர்த்தியது. எச்பிஇ (ஹியூலெட் பேக்கார்டு எண்டர்பிரைஸ்) நிறுவனம் தன் எஸ்எஸ்டி வகைகள் சிலவற்றின் உள் மென்பொருளில் ஒரு குறை இருப்பதாக அறிவித்தது. 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் அவை செயலிழக்கும், டிஸ்கையும் தரவையும் மீட்க முடியாது என்றது. கழித்தல் குறி உள்ள 16 பிட் எண்ணின் உச்சம் 32,767 என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். ஒரே நாளில் வாங்கி ஒரே சர்வரில் பொருத்திய டிஸ்குகள் என்றால் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அந்த மணிக்கணக்கைத் தொடும். ரெய்டு அமைப்பு எந்த உதவியும் செய்யாது. நிறுவனம் வெளியிட்ட புதிய உள் மென்பொருளைக் காலத்தோடு ஏற்றியவர்களுக்கு மட்டும் ஆபத்து இல்லை.

இனி, கையில் இருப்பதைக் காப்பதற்குச் செய்ய வேண்டியவை. புதிதாக ஒரு சேமிப்புக் கணினி அமைப்பவர் இரண்டு டிஸ்குகளோடு இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் வைப்பது நல்லது. அந்த இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே நாளில் வாங்கியவையாக இல்லாதிருப்பது அதைவிட நல்லது. எல்லாக் கட்டங்களையும் படித்துச் செக்சம் ஒப்பிடும் ஸ்கிரப் வேலையை மாதம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத ஆல்பங்கள் கெட்டிருப்பது வேறு எப்படியும் தெரியாது. எக்ஸ்ட்4இலோ என்டிஎஃப்எஸ்ஸிலோதான் இருந்தாக வேண்டும் என்றால், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எஸ்எச்ஏ-256 என்ற வகைச் செக்சம் எண்களின் பட்டியல் ஒன்றை எடுத்து வேறோர் இடத்தில் வைத்து, பேக்கப் எடுப்பதற்கு முன் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஐப்பசி மாதத்து மாலை இடிமழையில் மின்சாரம் போய்வரும் நம் ஊர்களில் யூபிஎஸ் இல்லாமல் சர்வர் வைப்பது சரியன்று.

பிழை நேர்ந்ததும் எழுதுவதை நிறுத்தும்படி எக்ஸ்ட்4 அமைக்கப்பட்டிருந்தால், ஒரு நாள் டிஸ்க் திடீரென்று படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறி, புதிய படத்தைச் சேமிக்க மறுக்கும். வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தில் டிஸ்கை மறுபடி இணைத்து (மவுன்ட் செய்து) வேலையைத் தொடரத்தான் கை போகும். அப்படிச் செய்யக் கூடாது. முதலில் கெர்னல் பதிவைத் திறந்து எந்த ஐநோடில், என்ன பொருந்தவில்லை என்று சொல்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, டிஸ்க் முழுவதையும் அப்படியே வேறொரு டிஸ்குக்கு நகல் எடுத்து, அந்த நகலின் மேல்தான் எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டும்.